நெஞ்சுப் பட்டை உள்ள மீட்டரை எடு

சேகர்,

தணிகை மாஸ்டர் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். உன் சைக்கிளில் இருந்த மீட்டர் கெட்டுப்போகவில்லை. உன் நெஞ்சைப் பற்றி அது காட்டிய எண் உண்மையான எண். உண்மை என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும், மீட்டர் சரியில்லை என்று சொல்லிக் கழற்றிவிட்டு, நெஞ்சைப் பற்றி ஒன்றுமே காட்டாத வேறொரு மீட்டரை உன் கைப்பிடியில் மாட்டி, வரும் ஞாயிற்றுக்கிழமை கோலகங்சார் சைக்கிள் பந்தயத்துக்கு உன்னை இறக்கப் பார்க்கிறார். நடந்த அநியாயம் இதுதான். முழுக் கடிதத்தையும் படிக்க உனக்குப் பொறுமை இல்லாவிட்டால் இந்தப் பத்தியை மட்டும் படித்துவிட்டு நேரே கடைசிப் பக்கத்துக்குப் போ.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. உன் அம்மா செமோர் பஸ்ஸில் வந்து உன் கையில் கொடுப்பாள். உனக்கு முன்னால் மாஸ்டர் பிரித்துப் படித்தாலும் சரி, அவருடைய சைக்கிள் கடைப் பையன்கள் சத்தமாக வாசித்தாலும் சரி, இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. நானே நேரில் வந்திருப்பேன். போன தடவை வந்தபோது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். நான் கடைக்குள் கால் வைத்ததும் நீ பின்பக்கம் போய்விட்டாய். மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஐயா, நீங்க ஜாகா வேலை பாக்குற மனுஷன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம காவல் காத்து மண்டை சூடாயிருக்கு. தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பஸ்ஸு இந்தப் பக்கந்தான் போவுது. நிப்பாட்டவா, ஏறிக்கிறீங்களா?" பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் உன் குரல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். இல்லை. அந்த ஒன்றை நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாஸ்டர் அந்த மீட்டரைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து உன்னிடம் கொடுத்த அன்று நீ அதை வீட்டுக்கு எடுத்து வந்தாய், நினைவிருக்கிறதா? தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. மார்பில் கட்டிக்கொள்ள ஒரு ரப்பர் பட்டை. பட்டைக்கும் மீட்டருக்கும் நடுவில் வயர் கிடையாது. பெடல் தண்டில் ஒட்டிய காந்தத்தை வைத்து உன் கால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று ஒரு எண் காட்டும். அதற்குக் கீழே உன் நெஞ்சு எத்தனை தடவை அடிக்கிறது என்று இன்னொரு எண். பக்கத்து வீட்டு மரியம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "என்னாண்ணே, வயரே இல்ல? பேயா வந்து எண்ணிட்டுப் போவுது?" என்றாள். நீ சிரித்துக்கொண்டே, "ரேடியோ மாதிரிலா அக்கா, காத்துல வரும்" என்றாய். அதன் ஆங்கிலப் புத்தகத்தை நீ ஒரு மூலையில் போட்டுவிட்டாய். நான் எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, காவல் குடிசையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பள்ளிக்கூடம் போகாதவன் படித்த படிப்பு அப்படித்தான் இருக்கும், மெதுவாக. ஆனால் படித்ததை நான் விடமாட்டேன். அது உனக்கே தெரியும். சின்ன வயதிலிருந்து அதற்காகத்தான் என்னோடு சண்டை போடுகிறாய்.

சில வாரங்களில் நெஞ்சு எண் தாறுமாறாகக் குதிக்கிறது என்று நீயே வந்து சொன்னாய். மாஸ்டரைக் கேட்டதற்கு, தாயத்தால்தான் என்றார். "வெள்ளி உரசுதுடா தம்பி. சிக்னலு குழம்புது. கழட்டிப் போடு." அந்தத் தாயத்தைக் குழந்தையில் உனக்கு இழுப்பு வந்தபோது உன் அம்மா கட்டினாள். கல்லுமலைக் கோயில் வாசலில் மூன்று நாள் படுத்துக் கிடந்து வாங்கி வந்தது. அன்றிலிருந்து உன் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. அதற்குள் ஒன்றுமில்லை, வெறும் தகடு என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். இருபது வருடமாக எங்கள் இரண்டு பேருக்கும் அதைப் பற்றித் தகராறுதான். அவள்தான் கழற்றிக் கொடுத்தாள். "மிஷினுக்காகக் கழட்டுறேன், உங்கப்பாவுக்காக இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் முடிச்சை அவிழ்த்தாள்.

கழற்றிய பிறகும் குதித்தது. உடனே மாஸ்டருக்கு வேறு காரணம் கிடைத்துவிட்டது. சாலை ஓரத்துப் பெரிய மின்கம்பிகள் என்றார். அதற்கப்புறம் வியர்வை என்றார். காரணத்தை மாற்றிக்கொண்டே போகிறவனை நான் நம்பியதில்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே வந்தேன். உனக்குப் பிடிக்கவில்லை. "அப்பா, மத்த பசங்க அப்பனெல்லாம் இப்படியா பின்னாடி வராங்க? வெக்கமா இருக்கு, போங்கலா" என்றாய். நான் போகவில்லை.

சுங்கை சிப்புட் தாண்டி அந்த மேட்டில் நீ ஏறும்போது நான் உன் பக்கத்தில் இருந்தேன். கால் எண்ணும் ஏறியது, நெஞ்சு எண்ணும் ஏறியது. அது நியாயம். மேடு ஏறினால் யாருக்கும் ஏறும். உச்சியைத் தாண்டி நீ இறக்கத்தில் விட்டாய். காலை நிறுத்திவிட்டாய். கால் எண் பூஜ்யத்துக்கு வந்தது. நெஞ்சு எண் இறங்கவில்லை. ஒரு நொடி நின்று, பிறகு மேலே பாய்ந்தது. இருநூறையும் தாண்டிப் போய் அங்கேயே நின்றது. அந்த இடத்தில் மின்கம்பி இல்லை, இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள்தான். தாயத்தும் இல்லை. உன் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்தாய். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அந்தக் கையால் தண்ணீர்ப் புட்டியை எடுப்பதுபோல் செய்தாய். உன்னை வளர்த்தவனிடம் அந்த வித்தை செல்லாது, சேகர்.

கீழே மாஸ்டர் வேனோடு நின்றிருந்தார். நீ வந்து நிறுத்தியபோதும் எண் இறங்கவில்லை. அவர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே உள்ளங்கையால் மீட்டரை மூடினார். "ரோசாக் ஆயிருச்சுலா ஐயா. சிங்கப்பூர்க்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லி அங்கேயே மீட்டரைக் கழற்றி, உன் மார்புப் பட்டையையும் வாங்கி என் சட்டைப் பையில் போட்டார். "வீட்டுல வச்சு விளையாடுங்க." கெட்டுப்போன பொருளை யாரும் கையால் மூடமாட்டார்கள். தட்டிப் பார்ப்பார்கள், திட்டுவார்கள், குலுக்குவார்கள். மூடமாட்டார்கள்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பட்டையை என் மார்பில் கட்டிக்கொண்டேன். நிமிடத்துக்கு எத்தனை என்று கடிகாரத்தை வைத்து நாடி பிடித்து எண்ணினேன். மீட்டரும் அதையே காட்டியது. உன் அம்மாவைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றாள், அப்புறம் ரவிக்கைக்குள் கட்டிக்கொண்டு மாவரைக்கப் போனாள். நான் மீட்டரைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். மாவரைக்கும்போது சீராக இருந்தது. நான் தாயத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். எண் ஏறியது. அவளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க வாயைத் தொறந்தா ஏறுது, மூடுனா எறங்குது. இது நல்ல மிஷினுதான். ரோசாக்குன்னு சொன்னவன் வாயிதான் ரோசாக்கு." உன் நெஞ்சைப் பற்றிய பேச்சு வந்த பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்து முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. மிஷின் நல்லதென்றால் கெட்டது எது என்று புரிந்துவிட்டது. கையில் மாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரம் மாஸ்டர் கடைப் பையனை அனுப்பி மீட்டரைத் திருப்பிக் கேட்டார். எதற்கு என்றேன். "ஆயர் தாவார்லேருந்து புதுசா ஒருத்தன் சேந்திருக்கான் ஐயா. அவனுக்கு மாட்டணுமாம்" என்றான் அந்தப் பையன், விவரம் தெரியாமல். கெட்டுப்போன மீட்டர் ஆயர் தாவார்க்காரனுக்கு எதற்கு? அவனுக்குச் சரியாகக் காட்டும் பட்டை உனக்கு மட்டும் பொய்யாகக் காட்டுமா? இதற்கு நீ பதில் சொல்லவேண்டும். மாஸ்டரிடம் கேட்டும் சொல்லலாம்.

உன்னிடம் நான் இதையெல்லாம் சொன்ன அன்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கு அந்த நம்பர் வேணாம்ப்பா. பாத்தாதான் பயமா இருக்கு. பாக்கலன்னா ஒண்ணும் இல்ல. கால் நம்பர் போதும்." அதனால்தான் நெஞ்சு மீட்டர் நம் வீட்டில் இருக்க, கடைக் கண்ணாடி அலமாரியிலிருந்த வயர் வைத்த மெல்லிய மீட்டரை மாட்டச் சொன்னாய். எடை குறைவு என்று காரணம் சொன்னாய். காலை மட்டும் எண்ணுகிற மீட்டர் முதலாளிக்கு ஏற்ற மீட்டர். வேலை எவ்வளவு நடந்தது என்று சொல்லும். வேலை செய்கிறவன் என்ன ஆனான் என்று சொல்லாது. அப்படி எண்ணுகிறவர்களிடம் நான் பாதி ஆயுளைக் கழித்தவன்.

உன் சித்தப்பாவைப் பற்றி உனக்குச் சொன்னது பாதிதான். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் அவன் ரப்பர் மரம் வெட்டிப் பால் இறக்கியபோது நீ சின்னவன். அவன் சைக்கிளின் முன்தண்டில் உட்கார்ந்துகொண்டு மணியடித்துக்கொண்டே போவாய். மணி அடிக்காதே என்றால் இன்னும் அடிப்பாய். அவன் மரத்தடியில் பாம்பு கடித்துச் செத்தான் என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்தார்கள். பாம்பு இல்லை. அவனுக்கும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். வராத நாட்களில் அவனைப்போல் ஓடியாடி வேலை செய்கிறவன் அந்த லயத்திலேயே கிடையாது. ஒருநாள் விடியுமுன் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க எல்லோரையும் நிறுத்தி வைத்திருக்கும்போது, அவனுக்கு வந்துவிட்டது. உடம்புக்கு முடியாதவன் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் கையை நீட்ட வேண்டும். அவர் சரி என்றால்தான் லயத்துக்குத் திரும்பலாம். டிரஸ்ஸர் விளக்கு வெளிச்சத்தில் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவுடனே அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவன் பக்கத்தில்தான் நின்றேன். மாறிய முகத்தை உடனே சரி செய்துகொண்டு, "தூங்கிப்புட்டு லேட்டா ஓடி வந்திருக்கான். அதான் நாடி ஓடுது. நல்லாத்தான் இருக்கான், அனுப்பு" என்று கங்காணி மண்டோரிடம் சொன்னார். அன்றைக்கு ஆள் குறைவு. அவன் ஓடி வரவில்லை, என்னோடு நடந்து வந்தான் என்று நான் கத்தினேன். மண்டோர் என்னை வரிசையை விட்டு வெளியே தள்ளினார். உன் சித்தப்பாதான் என்னை அடக்கினான். "விடுண்ணே. எல்லாரும் பாக்குறாங்க. நான் போயிருவேன், ஒண்ணும் ஆவாது." வெயில் ஏறும் நேரத்தில் பால் வாளி கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் ஆள் எங்கே என்று தேடினார்கள்.

டிரஸ்ஸர் விரலில் அந்த நாடி ஓடியது. அவருக்கு எண்ணத் தெரியும். எண்ணியதை வேறு காரணம் சொல்லி மூடினார். மாஸ்டரும் உள்ளங்கையால் அதையே செய்தார். ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்கு ஒரே நோய் வருவது உண்டு என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். ஒரே ஏமாற்றும் வரவேண்டுமா? அன்றைக்கு என் தம்பியின் நெஞ்சை வெளியே காட்டுவதற்கு எதுவும் என்னிடம் இல்லை. என் குரல் மட்டும்தான் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு எண் இருக்கிறது. எண்ணைப் பார்த்த பிறகும் என் பேச்சு எடுபடவில்லை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கிளினிக் சீட்டு இருக்கிறது என்று சொல்வாய். அந்த டாக்டரைக் குற்றம் சொல்லமாட்டேன். நீ இளைப்பாறி, விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்த காலையில் அவர் உன்னைப் பார்த்தார். நல்ல நெஞ்சு என்று எழுதிக் கொடுத்தார். இறக்கத்தில் கால் நின்ற பிறகும் நெஞ்சு ஓடுகிறது என்று அவரிடம் யார் சொன்னார்கள்? மாஸ்டர் சொன்னாரா? நீ சொன்னாயா? மறைத்துவிட்டு வாங்கிய கையெழுத்து உன்னைக் காப்பாற்றாது.

மாநிலக் குழுவில் இடம் கிடைத்தால் அரசாங்க வேலை நிச்சயம் என்று மாஸ்டர் சொன்னது எனக்கும் தெரியும். ஈயச் சுரங்கம் மூடிய பிறகு நீ வேலைக்காக அலைந்த அலைச்சலும் தெரியும். பரிசம் போட்ட பெண்ணின் வீட்டார் வேலையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நீ தலை குனிந்து கொள்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உனக்கு ஆசை காட்டுகிறவர் கையில் அவ்வளவு இருக்கிறது. என் கையில் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் நீ அவர் பக்கம் போவது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நீ இல்லாத வேலைக்கு யாரடா போவது? நீ இல்லாத மணவறையில் அந்தப் பெண் யார் பக்கத்தில் உட்காருவாள்? எனக்குக் கெஞ்சத் தெரியாது. யாரிடமும் கெஞ்சியதில்லை. தெரிந்திருந்தால் இந்த இடத்தில் கெஞ்சியிருப்பேன். எப்படி எழுதினால் கேட்பாய் என்று தெரியாமல் இந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பக் கிழித்து எழுதினேன். உன் அம்மா வந்து, "சுருக்கமா எழுதுங்க, அவனுக்கு உங்க பிரசங்கம் புடிக்காது" என்றாள். அதனால் நிறுத்திக்கொள்கிறேன். இனி செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்திலிருந்து உன் பெயரை எடுக்க வேண்டும். அந்த இறக்கத்தில் மீட்டரில் பார்த்ததை, கையால் மூடியதை, உன் முகத்துக்கு நேராக ஒரு தடவை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த ஆயர் தாவார்ப் பையனின் அப்பனைத் தேடிப் போய் நான் சொல்வேன். அந்தப் பையனுக்கும் ஒரு நெஞ்சு இருக்கிறது.

நீ வயர் மீட்டரைக் கழற்றி அலமாரியில் திருப்பி வைக்க வேண்டும். கால், நெஞ்சு இரண்டையும் காட்டுகிற மீட்டரை உன் அம்மா இந்தக் கடிதத்தோடு கொண்டுவருகிறாள், அதை மாட்டிக்கொள். திங்கட்கிழமை காலை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்: கால் நின்றிருந்தது, நெஞ்சு நிற்கவில்லை. உன் சித்தப்பாவைப் பற்றியும் சொல். பாம்பு என்று சொல்லாதே. டாக்டர் ஓட்டலாம் என்றால் ஓட்டு. அப்போது நான் பின்னால் வரமாட்டேன்.

சிலிம் ரிவரில் பெண் வீட்டாரிடம் போக வேண்டியது நான். வேலை தாமதமாகும் என்பதையும், ஏன் என்பதையும் நானே சொல்கிறேன். திட்டு விழுந்தால் என் மேல் விழட்டும். எனக்குப் பழக்கம்.

உறைக்குள் மஞ்சள் துணியில் முடிந்து உன் தாயத்தை வைத்திருக்கிறேன். அதற்குள் இருப்பது வெறும் தகடு என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் அது உன் கழுத்திலிருந்து இறங்கிய நாளிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பழைய கயிறு நீளம். பட்டையின் மேல் வந்து உரசும். அதனால் புதுக் கறுப்புக் கயிறு வாங்கி, பட்டைக்கு மேலேயே நிற்கும்படி குட்டையாக நானே கோத்துவிட்டேன். அதைக் கட்ட வேண்டியது அம்மா. குனிந்து கழுத்தைக் கொடுக்க வேண்டியது நீ. வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியது நான்.

அப்பா